பருந்துக்கு இரை வைக்கலாமா?

பருந்து, கழுகு, வல்லூறு, ஆந்தை, பாறு ஆகியவை ஊனுண்ணும் பறவைகள். வல்லூறும் ஆந்தையும் உயிருள்ள இரையைப் பிடித்துத் தின்னும். பாறு பெரும்பாலும் செத்த உடலை நம்பி வாழும். ஊர்ப்பருந்து இரண்டையும் செய்யும்; மீன்சந்தைக் கழிவையும் விடாது. காக்கைக்குச் சோறும் புறாவுக்குத் தானியமும் வைப்பதைப் போலவே இந்தப் பறவைகளுக்கும் மனிதர்கள் நெடுங்காலமாக உணவிட்டு வருகிறார்கள். சிலர் பக்தியால் இடுகிறார்கள், சிலர் இரக்கத்தால், சிலர் பறவை பாய்ந்து கவ்வும் காட்சிக்காக, சிலர் நல்ல புகைப்படத்துக்காக. சட்டம் இந்த நான்கையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. பறவையின் உடல்நலமோ கொடுப்பவரின் எண்ணத்தைப் பார்ப்பதே இல்லை. என்ன கொடுக்கப்பட்டது, எங்கே, எவ்வளவு என்பவை மட்டுமே அதைத் தீர்மானிக்கின்றன.

திருவாலங்காட்டின் வானம்

திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே, ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி வட்டாரத்தில் உள்ளது திருவாலங்காடு. சிவன் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை இங்குள்ள வடாரண்யேசுவரர் கோயிலில் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் பாடிய மூத்த திருப்பதிகம் இந்த ஆலங்காட்டுச் சுடுகாட்டையே களமாகக் கொண்டது. இறைவன் ஆடும் அந்தக் காட்டில் பேய்களோடும் நரிகளோடும் பருந்து, கூகை, ஆந்தை ஆகியவற்றையும் அம்மையார் கண்டு பாடியிருக்கிறார். ஊனுண்ணும் பறவைகளை அருவருத்து ஒதுக்காமல், இறைவனின் ஆடற்களத்தில் இடம் கொடுத்த பார்வை அது.

இன்றைய திருவாலங்காடு நெல்லும் கரும்பும் விளையும் ஊர். திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இங்குதான் இருக்கிறது. இத்தகைய வயல்வெளிகளில் எலி, ஓணான், பாம்பு, வெட்டுக்கிளி என்று இரைக்குக் குறைவில்லை. செம்பருந்தும் வைரியும் புள்ளி ஆந்தையும் கூகையும் வயல், ஏரி, தோப்பு சூழ்ந்த தமிழகச் சமவெளிக்கு உரிய பறவைகள். கோயில்களில் குடமுழுக்கு நடக்கும்போது கோபுரத்தின் மேலே கருடன் வட்டமிடுகிறதா என்று கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்க்கும் வழக்கம் தமிழகம் எங்கும் உண்டு. அங்கே கருடன் என்று கும்பிடப்படுவது பெரும்பாலும் செம்பருந்துதான். வணங்கப்படும் பறவைக்கு உணவு வைக்க வேண்டும் என்ற விருப்பம் எழுவது இயல்பு. அந்த விருப்பம் முறையான வழிபாடாகவே வளர்ந்த இடமும் தமிழகத்தில் இருக்கிறது.

திருக்கழுக்குன்றத்துப் பாறுகள்

செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள திருக்கழுக்குன்றத்தில் வேதகிரீசுவரர் மலைக்கோயில் இருக்கிறது. ஆங்கிலேயர் காலக் குறிப்புகளில் இவ்வூர் பட்சி தீர்த்தம் என்றும் வழங்கப்பட்டது. இந்த மலைப்பாறையில் முன்பு நாள்தோறும் உச்சிவேளையை ஒட்டி இரண்டு பறவைகள் வந்திறங்கும். கோயில் பூசகர் அரிசி, கோதுமை, நெய், சர்க்கரை சேர்த்துச் செய்த நிவேதனத்தை அவற்றுக்குக் கொடுப்பார். தின்றுவிட்டு அவை பறந்து போகும். சிவனின் சாபம் பெற்ற எட்டு முனிவர்கள் கழுகுகளாகி, யுகத்துக்கு இருவராக விடுதலை பெற்று வந்தார்கள் என்றும், கலியுகத்தில் எஞ்சிய இருவரே இப்பறவைகள் என்றும் தலபுராணம் சொல்கிறது. ஏதாவது ஒருநாள் பறவைகள் வராவிட்டால், கூடியிருந்தவர்களில் பாவம் செய்தவர் யாரோ இருக்கிறார் என்று பேசிக்கொள்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் இவ்வூருக்கு வந்த டச்சுக்காரர்கள் அங்குள்ள குடைவரை மண்டபத்தில் தங்கள் பெயர்களைப் பொறித்துச் சென்றிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் பெயர் பெற்ற தலம் இது.

மக்கள் கழுகு என்று சொன்னாலும் அவை மஞ்சள்முகப் பாறுகள். வெளுத்த உடல், கறுத்த சிறகு நுனி, மயிரில்லாத மஞ்சள் முகம் கொண்ட சிறிய பாறு இனம் இது. செத்த விலங்கு, குப்பை, சாணம், மனித மலம் எல்லாம் இதன் உணவு. முகத்தின் மஞ்சள் நிறத்துக்கான நிறமிகளைச் சாணத்திலிருந்தே இது பெறுகிறது என்று ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2002இல் காட்டினார்கள். கூண்டில் வளர்ந்த பறவை ஒன்று 37 ஆண்டுகள் வாழ்ந்ததாகப் பதிவு உள்ளது. எனவே நூற்றாண்டுக் கணக்கில் ஒரே இணை வந்து போயிருக்க முடியாது. ஒரு தலைமுறைப் பறவை அடுத்ததற்கு இடம் விட, அந்த வருகை தொடர்ந்திருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோன்மணி 1977இல் பறவை நோக்குவோருக்கான இதழ் ஒன்றில் இந்தப் பாறுகளைப் பற்றி விரிவாக எழுதினார்.

1990களில் அந்த வருகை நின்று போனது. கோயில் இருந்தது, பூசகர் இருந்தார், நிவேதனமும் இருந்தது, பறவைகள் வரவில்லை. இந்தியா முழுவதும் பாறுகள் கூட்டங்கூட்டமாக மடிந்த காலமும் அதுவே. பக்தர் கையால் பெற்ற ஒரு பிடி இனிப்பு பாறுக்கு முழு உணவாக ஒருபோதும் இருந்ததில்லை. மீதி வயிற்றை அது சுற்றுப்புறத்து ஊர்களில்தான் நிரப்பிக்கொண்டது. ஒரு பறவையினம் நிலைப்பது அந்தப் பெரிய பகுதியைப் பொறுத்தது. கோயில் பாறையில் கிடைத்த சிறிய பகுதியைப் பொறுத்தது அன்று. திருக்கழுக்குன்றத்தின் வரலாறு தரும் முதன்மையான பாடம் இதுவே.

தில்லியின் பருந்துகள்

திருக்கழுக்குன்றத்தில் இரண்டு பறவைக்கு ஒரு பிடி சோறு என்றால், பழைய தில்லியில் நடப்பது பல்லாயிரம் பருந்துகளுக்கான இறைச்சி. சதகா எனப்படும் தானமாக முஸ்லிம் மக்கள் இறைச்சித் துண்டுகளை வானத்தில் வீசுவார்கள். ஊர்ப்பருந்துகள் பறந்தபடியே கவ்விக்கொள்ளும். துன்பம் விலகவும் நோய் நீங்கவும் வேண்டிச் செய்யப்படும் ஈகை இது. இந்திய வன உயிரின நிறுவனத்தையும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தையும் சார்ந்து நிஷாந்த் குமார் குழுவினர் இப்பருந்துகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். சதகா இறைச்சி அதிகம் கிடைக்கும் பகுதிகளை ஒட்டிப் பருந்துகள் நெருக்கமாகக் கூடு கட்டுகின்றன என்பது அவர்கள் கண்ட செய்தி. உலகில் ஊனுண்ணும் பறவைகள் மிக அடர்த்தியாக வாழும் நகரங்களில் தில்லி ஒன்றாக இருப்பதற்குக் குப்பையோடு இந்த ஈகையும் காரணம்.

அதே குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. மனிதர் தரும் உணவு மிகுந்த இடங்களில் கூடு கட்டிய பருந்துகள், குஞ்சைக் காக்க மனிதர்மேல் பாய்வதில் கூடுதல் துணிவு காட்டின. மனிதரை உணவோடு சேர்த்தே பார்த்துப் பழகிய பறவைக்கு அச்சம் குறைகிறது. மாடியில் துணி உலர்த்த வருபவரும் தெருவில் தின்பண்டத்தோடு போகும் குழந்தையும் அதன் நகத்துக்கு ஆளாகிறார்கள். அதனால் எழும் வெறுப்பு கடைசியில் பறவைமீதே திரும்புகிறது: கூடு கலைக்கப்படுகிறது, மரம் வெட்டப்படுகிறது.

சட்டம் சொல்வது

இந்தியாவில் காட்டுப் பறவைகளுக்கான அடிப்படைச் சட்டம் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வடிவத்தில் அதன் அட்டவணைகள் ஆறிலிருந்து நான்காகக் குறைந்தன. பாறுகள் மிக உயர்ந்த பாதுகாப்பு பெறும் முதல் அட்டவணைக்குரியவை. ஊனுண்ணும் பறவைகளுக்கு உணவு வைக்கக் கூடாது என்று நேரடியாகச் சொல்லும் பிரிவு இந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் உணவு வைப்பதைச் சுற்றியுள்ள பல செயல்களை அது தடுக்கிறது.

முதலாவது, வேட்டை என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம். பிரிவு 2(16)இன்படி கொல்வதும் நஞ்சு வைப்பதும் பிடிப்பதும் மட்டுமல்லாமல், கண்ணி வைப்பதும் விரட்டுவதும் இரை காட்டி ஈர்ப்பதும் அவற்றுக்கான முயற்சியும் வேட்டையே. பறவைகளைப் பொறுத்தவரை முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் இதில் அடங்கும். பிரிவு 9 வேட்டையைத் தடை செய்கிறது. மொட்டைமாடியில் ஒரு துண்டு மீனை வைத்துவிட்டுப் போகிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விளக்கம் இல்லை இது. பிடிக்கவோ கொல்லவோ இரை வைப்பவரே அதன் முதல் இலக்கு. ஆனால் ஒரு பறவையைத் தன் தேவைக்காக ஓரிடத்துக்கு இழுக்க இரையைக் கருவியாக்குபவர் அந்த எல்லைக்கோட்டை நெருங்குகிறார் என்பதை மறக்கக் கூடாது. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

இரண்டாவது, இடம். சரணாலயத்துக்குள் எந்தக் காட்டுயிரையும் சீண்டுவதையும் தொந்தரவு செய்வதையும், தரையில் குப்பை போடுவதையும் பிரிவு 27 தடுக்கிறது. காட்டுயிருக்குக் கேடு செய்யக்கூடிய வேதிப்பொருளோ வேறு பொருளோ பயன்படுத்துவதைப் பிரிவு 32 தடுக்கிறது. எனவே ஊருக்குள் குற்றமாகாத ஒரு செயல், சரணாலய எல்லையைத் தாண்டியதும் குற்றமாகலாம்.

மூன்றாவது, உடைமை. காட்டுப் பறவை அரசின் சொத்து. அதற்கு எத்தனை ஆண்டு உணவிட்டாலும் அது உணவிட்டவருக்கு உரியதாகாது. கையில் ஏறப் பழக்கி வீட்டில் வைத்துக்கொள்வதும், குஞ்சை எடுத்து வளர்ப்பதும் குற்றம். எந்த வழியிலாவது அப்படிப்பட்ட பறவை கைக்கு வந்து சேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ அதிகாரம் பெற்ற அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 39.

நான்காவது, விமானப் பாதுகாப்பு. 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 91ஆம் விதி, விமான நிலையத்தைச் சுற்றிப் 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் வகையில் விலங்குகளை வெட்டுவதையும் தோலுரிப்பதையும் கழிவைக் கொட்டுவதையும் தடை செய்கிறது. பாறுகளை அந்த விதி பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஓடுதளத்துக்கு மேலே வட்டமிடும் ஒரு பருந்து விமான எந்திரத்துக்குள் இழுக்கப்பட்டால் பறவையோடு மனித உயிர்களும் போகலாம். திருவாலங்காட்டை அடுத்த அரக்கோணத்தில் 1992 முதல் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி வானூர்தித் தளம் இயங்கிவருவதால், இந்த வட்டாரத்தில் கோழிக்கடைக் கழிவைத் திறந்தவெளியில் கொட்டிப் பருந்துகளைக் கூட்டுவது வெறும் துப்புரவுக் குறை என்று விட்டுவிடக் கூடியதில்லை.

ஐந்தாவது, பொதுச் சுகாதாரம். வழிபாட்டு உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவே அந்த உரிமை பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டது என்று சொல்கிறது. 2025இல் மும்பையில் புறாக்களுக்குத் தானியம் இடும் கபூதர்கானாக்கள் பற்றிய வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் மக்களின் உடல்நலத்துக்கே முதலிடம் கொடுத்தது. அந்த வழக்கு புறாவைப் பற்றியது. ஆனாலும் பக்தியோடு போடும் தீனியானாலும் பொது இடத்தில் போடும்போது அது பொதுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்ற கொள்கை இறைச்சி வீசுவோருக்கும் பொருந்தும். மறுபுறத்தில், உயிர்களிடம் இரக்கம் காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் ஒன்றாக அரசியலமைப்பின் 51ஏ(ஜி) பிரிவு வைத்திருக்கிறது. இரக்கம் சட்டத்துக்குப் பகையானதில்லை. எது இரக்கம் என்பதுதான் கேள்வி.

நல்லெண்ணம் செய்யும் தீங்கு

காட்டில் ஒரு வல்லூறு எலியைத் தின்னும்போது தசையோடு எலும்பு, தோல், மயிர், ஈரல் எல்லாம் சேர்ந்தே உள்ளே போகின்றன. எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கிடைக்கிறது. செரிக்காத மயிரும் எலும்புத் துணுக்கும் உருண்டையாகி வாய்வழியே வெளியேறுகின்றன. கடையில் வாங்கிய எலும்பில்லாத இறைச்சியில் இந்தச் சமநிலை இல்லை. வளரும் குஞ்சுக்குத் தாய்ப்பறவை அதையே தொடர்ந்து கொண்டுவந்து ஊட்டினால் குஞ்சின் எலும்புகள் வலுவில்லாமல் வளையும்; பறக்கும் பருவத்தில் அது விழுந்து சாகும். உப்பும் எண்ணெயும் மசாலாவும் சேர்ந்த சமைத்த மிச்சங்கள் இன்னும் மோசம். மலேசியாவின் லங்காவித் தீவில் சுற்றுலாப் படகுக்காரர்கள் கோழித்தோலையும் குடலையும் நீரில் எறிந்து செம்பருந்துகளைக் கூட்டிக் காட்டுவது பல ஆண்டுகளாகக் கண்டனத்துக்கு ஆளாகி வருவதற்குக் காரணமும் இதுதான். மீனும் நண்டும் பிடித்துத் தின்ன வேண்டிய பறவைக்குக் கொழுப்பு மட்டுமே கிடைக்கிறது.

நோய் அடுத்த ஆபத்து. பச்சைக் கோழி இறைச்சி பறவைக் காய்ச்சல் கிருமியைச் சுமக்கக் கூடும். 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 கிருமியால் இறந்தபோது, உணவாகத் தந்த இறைச்சியின் மீதே முதல் சந்தேகம் விழுந்தது. ஒரே இடத்தில் தினமும் உணவு கிடைத்தால் இயல்பாகத் தனித்தனியே வாழும் பறவைகள் நெருக்கியடித்துக் கூடும். ஒன்றின் நோய் பலவற்றுக்குப் பரவும். வலிய இனம் பெருகி, சுற்றுப்புறத்துச் சிறு பறவைகளின் முட்டையும் குஞ்சும் அதற்கு இரையாகும்.

பழக்கம் மூன்றாவது ஆபத்து. இளம் பறவை வேட்டையாடக் கற்கும் மாதங்களில் கைத்தீனிக்குப் பழகினால் அந்தக் கல்வி குறைபடும். மனிதரை நம்பி இறங்கும் பறவையைப் பிடிப்பவருக்கும் கல்லெறிபவருக்கும் அது எளிய இலக்கு. உணவு வைப்பவர் ஊரை விட்டுப் போகலாம், நோயில் படுக்கலாம்; பறவைக்கு அது தெரியாது. அடுத்த நாளும் அதே நேரத்துக்கு அதே இடத்தில் வந்து காத்திருக்கும்.

பாறுகளைக் கொன்ற உணவு

மனிதர் விட்டுவைத்த உணவு ஒரு பறவையினத்தையே அழிக்க முடியும் என்பதற்கு உலகிலேயே மிகப் பெரிய சான்று இந்தியாவில் நடந்தது. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் 1990களில் டைக்ளோஃபினாக் மருந்து பரவலாகப் போடப்பட்டது. அந்த மருந்து உடலில் இருக்கும்போதே இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்து சில நாளில் அவை மடிந்தன. லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் ஆய்வு செய்து 2004இல் இதை உறுதிப்படுத்தியது. வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையே 99 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. மஞ்சள்முகப் பாறும் இந்தச் சரிவுக்குத் தப்பவில்லை; 2007 முதல் அது உலக அளவில் அழியும் ஆபத்திலுள்ள இனம்.

இந்திய அரசு 2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக் உற்பத்தியைத் தடை செய்தது. மனிதருக்கான மருந்தைப் பெரிய குப்பியில் வாங்கி மாட்டுக்குப் போடுவதைத் தடுக்க 2015இல் ஊசிக் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் கட்டுப்படுத்தப்பட்டது. பாறுகளுக்கு அதேபோல் நஞ்சாகும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய மருந்துகள் 2023இல் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டன. மெலாக்சிகாம் பாறுக்குத் தீங்கு செய்யாத மாற்று மருந்து. மும்பையின் மலபார் குன்றில் இறந்தவர் உடலைப் பாறுகளுக்கு விட்டுவந்த பார்சி சமூகம், பாறுகள் மறைந்தபின் சூரிய ஒளியைக் குவிக்கும் தகடுகளை நாட வேண்டியதாயிற்று. சேதம் மதச் சடங்கோடு நிற்கவில்லை. பாறுகள் அழிந்த மாவட்டங்களில் 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் கூடுதல் மனித இறப்புகள் நேர்ந்தன என்று 2024இல் அமெரிக்கப் பொருளியல் இதழ் ஒன்றில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அழுகும் உடல்கள், மாசடைந்த நீர், பெருகிய தெருநாய்கள் வழியாக அந்த இழப்பு மனிதரை வந்தடைந்தது.

உணவு வைப்பது கடமையாகும் இடம்

இதே வரலாறு, உணவு வைப்பது சரியான செயலாகும் இடத்தையும் காட்டுகிறது. நஞ்சில்லாத விலங்குடலைத் தேர்ந்தெடுத்து, காவலுள்ள ஓரிடத்தில் பாறுகளுக்கென்று வைக்கும் முறைக்குப் பாறு உணவகம் என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் 1960களிலேயே இது தொடங்கியது. நேபாளத்தில் பிதௌலி என்ற ஊரில் 2006இல் தொடங்கிய ஜடாயு உணவகத்தை உள்ளூர் மக்களே நடத்துகிறார்கள். வேலைக்காகாத முதிய மாடுகளை வாங்கி, பராமரித்து, அவை இயல்பாக இறந்தபின் பாறுகளுக்கு வைக்கிறார்கள். மகாராஷ்டிரத்திலும் பஞ்சாபிலும் இத்தகைய இடங்கள் உண்டு.

ஐரோப்பா இதில் ஒரு தவறான திருப்பத்தையும் பார்த்தது. மாட்டுப் பைத்திய நோய்க்கு அஞ்சி, இறந்த கால்நடைகளைத் திறந்தவெளியில் விடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் கட்டுப்படுத்தியது. ஸ்பெயினின் பாறுகள் பட்டினியில் தவித்தன. பின்னர் விதிகள் தளர்த்தப்பட்டு, 2011இல் பாறுகளுக்கான உணவுக்கு முறையான வழி திறக்கப்பட்டது. மனிதருக்கு நல்லதென்று எழுதிய சட்டமும் பறவையை எண்ணாமல் எழுதப்பட்டால் பறவையைக் கொல்லும் என்பதற்கு அது சான்று.

தமிழகத்தில் பாறுகள் இப்போது முதன்மையாக நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கையும் சீகூர்ப் பீடபூமியையும் நம்பியிருக்கின்றன. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு ஆகிய நான்கும் அங்கே காணப்படுகின்றன. கோவையின் அருளகம் அமைப்பு அவற்றுக்காகப் பல ஆண்டுகளாக ஊர் ஊராகச் சென்று பணியாற்றுகிறது. 2022இல் தமிழக அரசு பாறு பாதுகாப்புக்கென மாநில அளவில் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் காட்டில் புலியும் செந்நாயும் விட்டுச்செல்லும் உடல்களே பாறுகளுக்குப் போதுமான, மருந்துக் கலப்பில்லாத உணவு. அங்கே மனிதர் செய்ய வேண்டியது, இறந்த காட்டுயிரை நோய்ச் சந்தேகம் இல்லாவிட்டால் புதைக்காமலும் எரிக்காமலும் விட்டுவைப்பது. மாட்டை அடித்த புலியைப் பழிவாங்க மிச்ச உடலில் நஞ்சு தடவாமல் இருப்பது. நஞ்சு தடவிய ஒரே உடலைச் சுற்றி ஒரு பாறுக் கூட்டம் முழுவதும் செத்துவிழும்.

படத்துக்காக ஒரு உயிர்

ஊனுண்ணும் பறவைக்கு இரை வைப்பதில் மிகத் தெளிவாகத் தவறானது புகைப்படத்துக்காக உயிருள்ள இரையைக் கட்டிவைப்பது. ஆந்தை பாய்ந்து வரும் கணத்தைப் படமெடுக்க எலியையோ கோழிக்குஞ்சையோ நூலில் கட்டுகிறார்கள். இதற்குச் சட்டத்தில் நேரடியான தடை உண்டு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 11, கேளிக்கைக்காக ஒரு விலங்கைக் கட்டிவைத்து இன்னொரு விலங்குக்கு இரையாக்குவதைக் கொடுமை என்கிறது. இங்கே இரண்டு உயிர்கள் பாதிக்கப்படுகின்றன. கட்டுண்ட சிற்றுயிர் தப்பும் வாய்ப்பே இல்லாமல் அஞ்சிச் சாகிறது. பறவையோ சாலையோரத்துக்கும் மின்விளக்கு வெளிச்சத்துக்கும் இழுக்கப்பட்டு வண்டியில் அடிபடும் ஆபத்துக்கு ஆளாகிறது. படத்தில் இருப்பது அந்தப் பறவையின் வாழ்க்கை இல்லை. ஆள் வைத்து நடத்திய காட்சி.

அடிபட்ட பறவை

மாஞ்சா நூலில் சிறகு அறுந்தோ மின்கம்பியில் அடிபட்டோ ஒரு பருந்து விழுந்து கிடந்தால் நிலைமை வேறு. தில்லியில் நதீம் ஷெசாத், முகமது சவூத் சகோதரர்கள் இத்தகைய பருந்துகளைப் பல்லாயிரக்கணக்கில் மீட்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த ஆவணப்படம் 2022இல் கான் விழாவில் விருது பெற்று, அடுத்த ஆண்டு ஆஸ்கார் பரிந்துரையையும் எட்டியது. அனுபவமில்லாதவர் செய்ய வேண்டியவை சில. கனமான துணியால் மெதுவாகப் போர்த்தி, காற்றுப் புகும் அட்டைப்பெட்டியில் இருட்டிலும் அமைதியிலும் வைக்க வேண்டும். பால், சோறு, ரொட்டி எதையும் ஊட்டக் கூடாது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கிப் பறவையைக் கொல்லும். வனத்துறைக்கோ விலங்குநல அமைப்புக்கோ உடனே தகவல் தர வேண்டும். இரக்கத்தால் எடுத்த பறவையை இரக்கத்தாலேயே வீட்டில் வைத்துக்கொள்வதைச் சட்டம் ஏற்பதில்லை.

ஊரார் செய்யக் கூடியவை

திருவாலங்காடு போன்ற ஊரில் பருந்துக்கும் ஆந்தைக்கும் நல்லது செய்ய விரும்புகிறவருக்கு இறைச்சித் துண்டைவிடப் பயனுள்ள வழிகள் பல உண்டு. நெல் வயலில் பறவை வந்து உட்காரத் தாங்கிக் கம்புகள் நடுவதை வேளாண் துறையே பரிந்துரைக்கிறது. இரவில் ஆந்தையும் கூகையும் அதில் அமர்ந்து எலி பிடிக்கும். வயலில் வைக்கும் எலிமருந்து, அதைத் தின்ற எலி வழியாக ஆந்தையின் உடலில் சேர்ந்து அதையும் கொல்லக் கூடும். புரோமாடியோலோன் போல மெல்லக் கொல்லும் மருந்துகளில் இந்த ஆபத்து அதிகம். எனவே கிட்டி வைப்பதும் வளை தோண்டி அழிப்பதும் எலிமருந்தைவிட மேல். செத்த எலியைக் கண்டால் எடுத்துப் புதைக்க வேண்டும். மாட்டுக்கு ஊசி போடும்போது பாறுக்குத் தீங்கில்லாத மருந்தைக் கேட்டு வாங்கலாம். பழைய ஆலமரமும் பனையும் பொந்துள்ள மரமும் நின்றால் கூடு கட்ட இடம் கிடைக்கும். கோழிக்கடைக் கழிவை ஏரிக்கரையில் கொட்டாமல் இருப்பது பறவைக்கும் நீருக்கும் வானூர்திக்கும் ஒருசேர நன்மை.

அப்படியும் உணவு வைத்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். இடம் சரணாலயமோ வானூர்தித் தளத்தின் சுற்றெல்லையோ ஆக இருக்கக் கூடாது. உணவு மருந்தும் நஞ்சும் உப்பும் மசாலாவும் கலக்காத பச்சை ஊனாக, அந்தப் பறவை இயல்பாகத் தின்பதாக, சிறிதளவாக, எப்போதாவது தருவதாக இருக்க வேண்டும். நோக்கம் பறவையைப் பிடிப்பதோ பழக்குவதோ காட்சிப்பொருளாக்குவதோ ஆகக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் வைக்காமல் விடுவதே அறம். பாதுகாப்புப் பணிக்கான பாறு உணவகங்களை வனத்துறையின் மேற்பார்வையில் வல்லுநர்களே நடத்த வேண்டும். தனிமனிதர் முயற்சிக்கு அதில் இடமில்லை.